கப்பல் மேல் ஏறிய யானை

— போச்சு விபியா, என் தலை போச்சு! இந்தக் காசைப் பாரு.

— யானை லட்சணமாத்தானேய்யா இருக்கு. தும்பிக்கை, வாலு…

— வயித்துக்குக் கீழ பாருடி.

— அட, ரோமாக்காரன் கப்பல்! காலையில என் தைலக் கடைக்கு வந்த காசெல்லாம் உன் கைவரிசைதானா?

— சிரிக்காதே. செம்பு கிடைக்கலை, ரோமாக் காசையே உலையில போட்டுச் சுட்டு, அது மேல நம்ம யானையை அடின்னு சபையில சொன்னாங்க. நல்லாப் பழுத்தாத்தான் பழைய படம் அழியும். இது பழுக்கலை.

— ஏன், உலைக்கு என்ன கேடு?

— பாதித் தணலை ஒதுக்கி, நீ குடுத்தனுப்பின பன்னிக்கறியைச் சுட்டேன்.

— கட்டின பொண்டாட்டி கையால சாவுன்னு எழுதியிருக்குய்யா உனக்கு!

— ஏண்டி, யானைப் படை வச்சிருக்கற கார்த்தேஜ்காரனோட சேந்துக்கிட்டு நம்ம கப்புவா ஊரே ரோமாவை எதுத்து நிக்குது. நான் அவன் கப்பலை விட்டுவச்சா என்னை ஒற்றன்னு சொல்ல மாட்டாங்களா? தலைவர் நோவியஸ் வேற இப்ப வர்றாரு. உன்கிட்ட வந்ததையெல்லாம் குடு, திரும்பச் சுட்டு அடிச்சுடறேன்.

— குடுக்கறதா? மீன்காரன் இதைத்தான் கேட்டு வாங்கறான். சுத்தமா அடிச்ச காசை நீட்டினா மூஞ்சியைத் திருப்பிக்கறான்.

— அவனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?

— உன்னைவிட நல்லாத் தெரியுது. யானை ஜெயிச்சா யானைக்குச் செல்லும். கப்பல்காரன் திரும்பி வந்தா, அப்பவும் செல்லும்.

— பாக்கிஸ்! எங்கடா இருக்கே?

— ஐயோ, அவர்தான்! வாங்க நோவியஸ் அய்யா, வாங்க…

— இந்தக் காசை அடிச்ச மகராசன் யாரு?

— நான்தாங்கய்யா. வேணும்னு செய்யலை. உலைத் தணலை எடுத்துக் கறி சுட்டுட்டேன்… பசி…

— நான் சபையில நின்னு ரோமாவைத் துரத்திட்டோம்னு தொண்டை கிழியக் கத்தறேன். நீ அவன் கப்பலை ஊருக்குள்ள ஓட்டிட்டு வர்றே!

— புள்ளகுட்டிக்காரன்யா. இந்த ஒரு தடவை மன்னிச்சுடுங்க.

— மெதுவாப் பேசு. நீ அந்தக் கதவைச் சாத்தும்மா.

— சாத்திட்டேங்கய்யா. அவரை ஒண்ணும் பண்ணிடாதீங்க.

— பாக்கிஸ், என் வீட்டுப் பெட்டியில இருக்கறதெல்லாம் வெறும் யானையா இருக்குடா… நாளைக்கும் கொஞ்சம் கறி சுடுவியா?