பாலத்தில் சொன்ன ஓம்

— பொறுங்கோ, பொறுங்கோ. அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ எண்டு எழுதாதேங்கோ.

— ஏன் எழுதப்படாது? கனடாவுக்கு வந்த பிறகு வேற நாட்டுக்குள்ள போனதுண்டோ, திருப்பி அனுப்பினதுண்டோ எண்டு கேட்டிருக்கு. நாங்கள் எங்க போனனாங்கள்? ஸ்காபரோவை விட்டால் றிச்மண்ட்ஹில் கோயில். அது வேற நாடே?

— உங்கட விண்ணப்பப் போமில ‘இல்லை’ சரி. என்ர போமில போடாதேங்கோ. நான் அமெரிக்காவுக்குப் போனனான்.

— என்ன?

— தெரியாமல். லேன் மாறி. ரெண்டு மணித்தியாலம்.

— சந்திரா, அரசாங்கக் கச்சேரியில முப்பது வருசம் சேவை செய்து, சீஃப் கிளாக்காய் இளைப்பாறினவன் நான். போம் நிரப்பேக்க என்னோட பகிடி விடாதையும். அகதிக் கேசு சரிவந்திட்டுது, இனி லாண்டட், நிரந்தர வதிவுரிமை ஒண்டுதான். நாளைக்கு இதை லோயரிட்டைக் குடுக்க வேணும்.

— பகிடி இல்லை. போன ஆவணியில ஒரு சனிக்கிழமை, ஓவர்டைம் எண்டு போனன் எல்லே. அண்டைக்குப் பேக்கரி பூட்டு. நயாகரா பாக்கப் போனனாங்கள். கார் நிப்பாட்ட இடம் தேடிக்கொண்டு போக, அந்த லேன் நேர அமெரிக்காவுக்குப் போற பாலத்தில ஏத்திப் போட்டுது. ஏறினால் திருப்பேலாது. அந்தக் கரையில மறிச்சு, விரலடையாளம் எடுத்து, ஒரு பேப்பரும் தந்து திருப்பி விட்டவங்கள்.

— ‘போனனாங்கள்’ எண்டால்?

— அல்பேட் அண்ணையும் நானும்.

— எந்த அல்பேட்? உங்கட பேக்கரி ஆக்களை வேலைக்கு ஏத்தி இறக்கிற வான்காரனோ?

— அவர்தான்.

— வானில வேற ஆர் இருந்தது?

— வான் இல்லை. அவற்ற கார்.

— ஓகோ. கார்.

— என்னோட வேலை செய்யிற நிரூபாவும் வாறதெண்டுதான் இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு கடைசி நேரத்தில நிண்டிட்டா.

— காய்ச்சலும் நல்ல நேரம் பாத்துத்தான் வந்திருக்கு. நீர் முன் சீற்றிலையோ, பின் சீற்றிலையோ?

— முன்னுக்கு.

— என்ன உடுத்துக்கொண்டு போனனீர்?

— இமிக்கிரேசன்காரன்கூட உதைக் கேக்கேல்லை.

— நான் கேக்கிறன்.

— அந்த மாம்பழக் கலர் சீலை.

— என்னோட கோயிலுக்கு வரேக்க ஒருநாளும் அது வெளியில வந்ததில்லை. சாப்பாடு?

— றோல்ஸ் செய்து கொண்டு போனன்.

— எனக்கு அண்டைக்கு ஃபிறிஜ்ஜில கிடந்த பழஞ்சோறு. ஆட்டிறைச்சி றோல்ஸோ?

— நாலு வருசமாக் கேட்டனான், நயாகராவை ஒருக்காக் காட்டுங்கோ எண்டு. ‘தண்ணி விழுறதில என்ன பாக்கக் கிடக்கு’ எண்டியள். அந்த மனிசனிட்டை நான் கேக்கவும் இல்லை. ‘நீங்கள் இன்னும் பாக்கேல்லையோ’ எண்டு அவராத்தான் கேட்டவர்.

— நீர் ‘அண்ணை’ எண்டுறீர். அவன் உம்மை என்னெண்டு கூப்பிடுறவன்? அக்கா எண்டோ, தங்கச்சி எண்டோ?

— பேர் சொல்லித்தான்.

— முழுப் பேரோ?

— வதனா எண்டு.

— வதனாவோ! இருபத்திரண்டு வருசம் குடும்பம் நடத்தின நானே அப்பிடிக் கூப்பிடேல்லை!

— கூப்பிட்டிருக்கலாம். ஆர் மறிச்சது?

— வாய் நீளுது. ஆறு மாசமா ஒளிச்சனீர், ஒளிச்சபடியே இருந்திருக்கலாமே. இப்ப ஏன் சொல்லுறீர்?

— அல்பேட் அண்ணையும் தன்ர போமில இதை எழுதாமல் விட்டவர். போன கிழமை இமிக்கிரேசனில கூப்பிட்டு, ‘உன்னைப் பாலத்தில மறிச்சது எங்களுக்குத் தெரியும், ஏன் மறைச்சனி’ எண்டு கேட்டிருக்கினம். இப்ப அவற்ற அலுவல் இழுபடுது. எங்கட இழுபட்டால் எங்கட பிள்ளை நிலாணி என்ன செய்வாள்? வாற மாசி பதினொண்டுக்கு அவளுக்குப் பத்தொன்பது. அதுக்கு முதல் போம் சரியாப் போய்ச் சேராட்டில், வயசு தாண்டின பிள்ளை எங்களோட சேத்தி இல்லை. கொழும்பு லொட்ஜில தனியக் கிடக்க வேண்டியதுதான்.

— அவன்ர பேப்பர் எங்க நிக்குதெண்டும் உமக்குத் தெரிஞ்சிருக்கு. என்ர பிறசர் எவ்வளவு எண்டு தெரியுமோ உமக்கு? சரி, அவங்கள் தந்த பேப்பரைக் கொண்டாரும்.

— இந்தாங்கோ.

— எங்க வைச்சிருந்தனீர்?

— சாமிப் படத்துக்குப் பின்னால.

— சாமியும் உடந்தை. அந்தக் கண்ணாடியை எடும். ம்... சந்திரவதனா இரத்தினவேல். நல்லகாலம், என்ர பேரை விடேல்லை. பாதை பிழைச்சு வந்ததாச் சொல்லுறா. சரி. கூட வந்த ஆள், அல்பேட் சீமோன். சரி. உறவு... சந்திரா, இது என்ன?

— எது?

— ‘உறவு: கணவர்’ எண்டு கிடக்கு.

— ஓம். அப்பிடித்தான் எழுதினவங்கள்.

— அந்த நாய் சொன்னவனோ?

— அவரை வேற கவுண்டருக்குக் கூட்டிக்கொண்டு போட்டினம். இது அவருக்குத் தெரியவும் தெரியாது. என்னட்டைத்தான் கேட்டவங்கள்.

— நீ என்ன சொன்னனி?

— ‘யெஸ்’ எண்டன்.

— கிழிச்சு எறி இதை!

— இதைக் கிழிச்சால் அவங்கட கொம்பியூட்டரில கிடக்கிறது கிழிபடுமோ?

— லோயரின்ர கந்தோரில தட்டச்சு அடிக்கிறது ஆர் தெரியுமோ? அன்புராசாவின்ர பெஞ்சாதி. இண்டைக்கு அடிச்சாள் எண்டால் நாளைக்கு அஜக்ஸ் ஊர்வரைக்கும் தெரியும், இரத்தினவேலின்ர பெஞ்சாதிக்கு அமெரிக்காவில வேற புருசன் எண்டு. எங்கட குடும்பத்தில ஒரு பொம்பிளையின்ர பேர் இண்டைவரைக்கும் வெளியில அடிபட்டதில்லை.

— எழுதாட்டில் நிலாணி வரமாட்டாள்.

— தெரியும். கத்தாதையும்.

— நான் கத்தேல்லை. தேத்தண்ணி போடட்டோ?

— வேண்டாம். இரும் அதில. அவன் கேட்டதைச் சொல்லுக்குச் சொல் சொல்லும்.

— ‘கார் ஓடின ஆள் உன்ர புருசனோ’ எண்டு கேட்டவன்.

— இங்கிலீசில. கடகடவெண்டு.

— ஓம்.

— நீர் பயந்துபோய் நிண்டனீர்.

— ஓம், பயம்தான்.

— பாத்தீரோ, பாத்தீரோ! இப்பவும் அதைத்தான் செய்யிறீர். எங்கட ஆக்கள் ஆர் என்ன சொன்னாலும் ‘ஓம், ஓம்’ எண்டு தலையாட்டிக்கொண்டு கேக்கிறது. அது சம்மதமில்லை, காது குடுக்கிறன் எண்டதுக்கு அடையாளம். அந்த ‘ஓம், ஓம்’ஐத்தான் நீர் அவனுக்கு ‘யெஸ், யெஸ்’ எண்டிருக்கிறீர். வெள்ளைக்காரனுக்கு உது விளங்குமோ? எழுதிப் போட்டான். உம்மட இங்கிலீசுக்கு உதுதான் நடக்கும்.

— நீங்கள் சொன்னால் சரி.

— நான் சொல்லுறதுதான் சரி. கடிதத்தை நானே என்ர கையால எழுதுறன். தட்டச்சும் வேண்டாம், அன்புராசாவின்ர பெஞ்சாதியும் வேண்டாம். கவரை ஒட்டி லோயரின்ர கையிலையே குடுப்பம். கச்சேரியில என்ர கடிதத்தில அரசாங்க அதிபர் ஜீ.ஏ.கூட ஒரு புள்ளி திருத்தினதில்லை. முதல் தமிழில எழுதுறன், பிறகு இங்கிலீசில மாத்துறன்.

— எழுதுங்கோ.

— கேளும். ‘சந்திரவதனா இரத்தினவேல் ஆகிய நான், நயாகரா பார்க்கப் போன இடத்தில் பாதை தவறிப் பாலத்தில் ஏறிவிட்டேன். அதிகாரி கேட்ட கேள்வி விளங்காமல், எங்கள் வழக்கப்படி “ஓம், ஓம்” என்று தலையாட்டியதை அவர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். கார் ஓட்டியவர் என்னை வேலைக்கு ஏற்றி இறக்கும் ஒரு மனிதர் மாத்திரமே. என் கணவர் இரத்தினவேல் ஒருவரே.’

— ‘ஒருவரே’ எண்டு போட வேணுமோ?

— போடத்தான் வேணும். அடிக்கோடும் போட்டிருக்கிறன்.

— சரி, தாங்கோ. கையெழுத்து வைக்கிறன்.

— பொறும். அவங்களுக்குக் கையெழுத்துக் காணும். எனக்குக் காணாது.

— உங்களுக்கு என்ன வேணும்?

— இதில இருக்கிற ஒவ்வொரு சொல்லும் உண்மை எண்டு பிள்ளையாணை எண்டு சத்தியம் பண்ணும்.

— அவளை ஏன் இதுக்குள்ள இழுக்கிறியள்? கையெழுத்து வைக்கிறன் எண்டுறன் எல்லே.

— நிலாணியாணை எண்டு ஒருக்காச் சொல்லும். அதோட அல்பேட் எண்ட பேர் இந்த வீட்டில எழும்பாது. எனக்கும் நித்திரை வரும். ம், சொல்லும்.

— பேனையை ஒருக்காத் தாங்கோ.

— சத்தியம் பண்ண என்னத்துக்குப் பேனை?

— ‘விளங்காமல்’ எண்ட சொல்லை வெட்ட. அவன் கேட்டது எனக்கு நல்லா விளங்கினது.