பிடிக்கிற ஸ்பேனர்

வேலந்தாவளத்தில் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். அவர் பம்ப்செட் மெக்கானிக். இடது கையில் தீப்பட்ட தோல் இன்னும் சிவந்திருந்தது.

"நெருப்பு வெக்காம ஒட்டறதுன்னாப் போங்க. இல்லீன்னா இப்படியே எறங்கி ஊட்டுக்குப் போயிரலாம்," என்றாள் அவள்.

"இன்னைக்கு ஈயமே உருக்கப் போறதில்ல புள்ள. என்ஜினுக்கு டீசல் போற செம்புக் குழாய்தான். நட்டைக் கோத்துட்டு, குழாய் வாயை ஊமத்தம்பூவாட்ட விரிச்சு முறுக்குனா ஆச்சு."

"அப்ப அன்னைக்கு மட்டும் ஏனுங்க நெருப்பு வெச்சீங்க?"

"நட்டு கையில இல்ல. தோட்டக்காரரு அவசரப்பட்டாரு."

காலடியில் சரிந்த கருவிப் பையை அவள் நிமிர்த்தி வைத்தாள்.

"முறுக்கறதுக்கு ரெண்டு கையும் வேணுமுங்களா?"

"ஒரு ஸ்பேனர்ல புடிச்சுக்கோணும், இன்னொண்ணுல முறுக்கோணும். புடி நழுவுனாக் குழாயும் சேந்து முறுக்கிக்கும்."

அவள் தன் மணிக்கட்டை அவருடைய இடது கைக்குள் வைத்தாள். "இதைப் புடிங்க பாக்கலாம்."

விரல்கள் பாதிதான் மடங்கின.

"இதும் முடியலீன்னா இனி வேற ஆளத்தான் கூப்புடுவாங்க," என்றார் அவர், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

எலப்புள்ளி வந்தது. அவருக்கு முன்னால் அவள் எழுந்து கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"புடிக்கற ஸ்பேனரை எங்கிட்டக் குடுங்க. முறுக்கறதை நீங்க பாருங்க."

"தோட்டத்துல சிரிப்பாங்க புள்ள."

"சிரிக்கட்டுங்க. டீசல் ஒழுகாம இருந்தாச் சரி."