வசிப்பவர் எவருமிலர்

பழைய வீட்டை இடிப்பதற்கும் மாநகராட்சியின் அனுமதி வேண்டும் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. சொந்த வீடுதானே, இடித்தால் யார் கேட்பார் என்று எண்ணுகிறார்கள். ஆய்வாளர் அவர்களே, நான் அப்படி எண்ணியவன் அல்லேன். தாங்கள் எழுதியுள்ள அறிக்கையில் 'உரிய அனுமதியின்றி' என்னும் தொடர் இருக்கிறது. அருள்கூர்ந்து அதனை நீக்கிவிடுங்கள். மற்றவற்றை நான் மறுக்கப்போவதில்லை.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தந்தையார் விட்டுச்சென்ற வீட்டை நடுச்சுவர் ஒன்றால் இரண்டாக்கி, கிழக்குப் பாதியில் நானும் மேற்குப் பாதியில் என் தம்பி வீரபாகுவும் இருந்தோம். நான் ஆசிரியப் பணிக்குச் சென்றேன். அவன் தறியில் அமர்ந்தான். மணம் செய்துகொள்ளவில்லை. அவன் பாதியில் கூரை சரிந்து, ஓடுகள் உதிர்ந்து, சுவரில் அரசங்கன்று முளைத்துவிட்டது. தறி இருந்த ஓர் அறை மட்டும் சவுக்குக் கழிகளின் முட்டில் நின்றது. அவன் தறிப்பலகையை அடிக்கும் ஒவ்வொரு முறையும் நடுச்சுவர் அதிர்ந்து என் பக்கம் சுண்ணாம்பு உதிரும். சோற்றில் உதிரும், படுக்கையில் உதிரும், படிக்கும் நூலின் பக்கங்களுக்கிடையே உதிரும். என் மனைவி கமலவேணி, "அந்தச் சுவரு இருக்கிற வரைக்கும் நான் இங்க இருக்கமாட்டேங்க" என்று கூறித் தாமலில் மகள் வீட்டுக்குச் சென்றுவிட்டாள். அவன் பாதியை இடித்துப் புதுச்சுவர் எழுப்பினாலன்றி என் பாதியை விற்கவும் வழியில்லை, அதில் வாழவும் வழியில்லை.

ஆகவே விண்ணப்பித்தேன். அதனுடன், இடிக்கப்படும் பகுதியில் எவரும் வசிக்கவில்லை என்று நாங்கள் இருவரும் உறுதிமொழி அளித்தோம். வீரபாகு சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டான்.

"வாத்தியாரே பொய் எழுதறாரு, ஊரு உருப்பட்டாப்பலதான். ஆர்டர் வர்றதுக்குள்ள இந்தப் பாவு முடிஞ்சிடும்ணா. நானே கதவப் பூட்டி சாவிய உன் கையில குடுத்துடறேன்."

பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஏற்றும் பட்டிழைகள். ஒரு பாவில் மூன்று சேலைகள் நெய்யலாம். ஆனால் பாவு முடியும்போது நெசவாளர் அதன் கடைசி முழத்தை அறுத்தெறிவதில்லை. அந்நுனிகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துவிடுவர். தறி வெறுமையாகும் நாள் என்று ஒன்று வருவதேயில்லை. இதனை அறிந்திருந்தும் அவன் சொல்லை நம்பியது என் பிழை.

மாநகராட்சி அதிகாரி பார்வையிட வந்த நாளில் அவன் முதலாளி வீட்டுக்குப் பட்டு வாங்கச் சென்றிருந்தான், கதவு பூட்டியிருந்தது. ஆணை கிடைத்தது. அதன்பின் நான்கு பாவுகளைப் பிணைத்தான்.

"இது ஒண்ணுதாண்ணா. கல்யாணப் பொடவன்னு முதலாளி கெஞ்சிக்கினு இருக்காரு, இன்னா செய்யச் சொல்ற?"

ஆணையின் கெடு முடிய ஆறு நாள்களே எஞ்சியிருந்தன.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றினேன். பள்ளிக்கு வராத மாணவனை வந்ததாக ஒரு நாளும் நான் பதிவேட்டில் குறித்ததில்லை. அந்த உறுதிமொழி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

பாவு பிணைக்கும் நாளில் தறி ஓடாது. ஏறத்தாழ ஐயாயிரம் இழைகள்; தறியின் பின்புறம் தரையில் குந்தி, பகல் முழுவதும் விரல்நுனியால் முறுக்கிக்கொண்டிருக்க வேண்டும். தெருவில் செல்வோர்க்கு அது ஆளில்லாத வீடு. நெசவுக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு அந்த அமைதி இன்னதென்று தெரியும். ஐந்தாம் பாவை அவன் பிணைக்கத் தொடங்கிய நாளை நான் தேர்ந்தெடுத்தேன்.

இடிக்கும் இயந்திரத்தை ஓட்டிய தினேஷ் மாகறலைச் சேர்ந்தவன். உழவர் வீட்டுப் பிள்ளை. அவன்மீது வழக்கு வேண்டா. ஆணையைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். கதவில் பூட்டையும் பார்த்தான். அதன் பின்னும் கேட்டான்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா சார்? இங்க தறி ஓடும்னு சொன்னாங்களே."

"காது கொடுத்துக் கேள், தம்பி. ஓடுகிறதா?"

அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் செவிமடுத்தான். "ஒண்ணும் கேக்கல சார்."

"அப்படியானால் தொடங்கு."

இவ்வுரையாடலில் பொய் ஒன்றும் இல்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

பூட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அன்று காலையில் நான் வீரபாகுவுக்குக் காபி கொண்டுசென்றேன். என் பக்கத்துப் பழைய கழிவறையை இடிக்க வண்டி வருகிறது, ஓசை கேட்கும், எழுந்திராதே, இழை கலைந்துவிடும் என்றேன். நான் கூறிய பொய் அது ஒன்றே.

"சரிண்ணா. போகும்போது கதவ சாத்திட்டுப் போ. தூசி பட்டா பட்டு வீணாப்பூடும்."

சாத்தினேன். பிறகு பூட்டினேன். சாவி என் சட்டைப்பையில் இருந்தது, தாங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அவனை வெளியே எடுத்தபோது விரல்களில் இழை சுற்றியிருந்தது என்றும் தாங்களே கூறினீர்கள். பாதிக்கு மேல் பிணைத்திருப்பான். அவன் கை விரைவானது.

அனுமதி ஆணையையும் உறுதிமொழியின் நகலையும் இத்துடன் இணைத்துள்ளேன். கையெழுத்திட்ட அன்று அந்த உறுதிமொழி பொய்யாக இருந்தது உண்மையே. இயந்திரம் ஓய்ந்தபோது மணி பதினொன்று. அதன்பின் அவ்வீட்டில் எவரும் வசிக்கவில்லை. அரசுக்கு நான் பொய் எழுதிக் கொடுத்தேன் என்று இனி ஒருவரும் கூற இயலாது.