ஆளைக் கடிக்கும் ட்ராக்டர்

— சட்டைக் கையைத் தூக்கு எண்டு சொன்னனான், அருள். இன்னும் தூக்கு. முழங்கை மட்டும்.

— ஒண்டுமில்லையக்கா. ஏழு தையல்தான். அடுத்த கிழமை வெட்டிப்போடுவினம்.

— ஏழு தையல் ஒண்டுமில்லையோ? முறையாய்ச் சொல்லு. எதாலை வெட்டினது?

— வேறை எதாலை? இந்த ட்ராக்டராலைதான். முன்மூடியைத் திறந்து பெல்ற்றைப் பாத்துக்கொண்டு நிண்டனான். மூடி படாரெண்டு கையிலை விழுந்திட்டுது.

— போன மாசம் சுண்டுவிரல் முறிஞ்சது. அது?

— அதுவும் இதாலைதான்.

— விலா எலும்பு இரண்டு?

— அக்கா, நீங்கள் கேள்வி கேக்கிற விதத்தைப் பாத்தால் பொலிசு தோத்துப்போகும்.

— உது புல்லு வெட்டுற ட்ராக்டரோ, இல்லாட்டி காட்டுப் பண்டியோ? பஸ் டிப்போவிலை எத்தினை வருசமாய் மெக்கானிக்காய் நிக்கிறாய்?

— பதினாலு.

— பதினாலு வருசமாய் ஆனை மாதிரி பஸ்ஸுகளைக் கழட்டிப் பூட்டுறாய். அங்கை ஒரு நகம் பேந்ததாய் நான் கேள்விப்படேல்லை. வீட்டுக்கு வந்து, ஒரு கதிரை அளவு சாமானிட்டை அடி வாங்குறாய்.

— பழைய மிசின் அக்கா. அதுக்குக் குணம் பிழை.

— பழசு எண்டு நீயே சொல்லிப்போட்டாய். எண்பத்தேழாம் ஆண்டு செய்தது. பத்தொன்பது வயது. இந்த வீட்டை வித்த நோர்வேக்காரக் கிழவன் உதை ஏத்த மனமில்லாமல் கராஜோடை விட்டிட்டுப் போனவன். நீ ஐஞ்சு வருசமாய்க் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய். பதினொரு மணிக்கு லொறி வருகுது. புதுசை இறக்கி வைச்சிட்டு, உதை ஏத்திக்கொண்டு போய்ப் பழைய இரும்போடை போடுவாங்கள். எல்லாம் ஒழுங்கு பண்ணியாச்சு.

— திருத்தலாமக்கா. எஞ்சின் இன்னும் கல்லு மாதிரி. ஸ்ராட்டர் ஒண்டு மாத்தவேணும், பெல்ற் ஒண்டு. அடித்தட்டு கறள் பிடிச்சு ஓட்டை விழுந்திருக்கு, அதுக்கு ஒரு தகரம் வைச்சு ஒட்டினால் சரி.

— உன்னை ஆர் ஒட்டுறது?

— நான் வேண்டாம் எண்டு சொன்னனான் தானே. என்னைக் கேளாமல் ஏன் வாங்கினியள்?

— உன்னைக் கேட்டால் ஒழுங்கான பதில் வருமோ? அத்தான் கடைக்குப் போய், ஏறி இருந்து ஓடிப் பாத்துத்தான் எடுத்தவர். சீற்றிலையிருந்து எழும்பினால் எஞ்சின் தானாய் நிக்குமாம். பின்னுக்குப் போனால் அலகு நிக்குமாம். ஒரு சின்னப் பிள்ளை ஏறினாலும் கீறல் விழாது எண்டு கடைக்காரன் சத்தியம் பண்ணாத குறை.

— அதுதானக்கா எனக்கு வேண்டாம்.

— எது? கீறல் விழாததோ?

— இல்லை... உவ்வளவு நுணுக்கம் வேண்டாம் எண்டு சொல்லுறன். பழுதாய்ப் போனால் என்னாலை கை வைக்கேலாது.

— கை வைக்கேலாதெண்டால் கை மிஞ்சும். அது நல்லது. உன்ர மகள் பேர்கனிலையிருந்து போன் எடுத்தவள், தெரியுமோ?

— நோராவோ? எப்ப? என்ன சொன்னவள்?

— ஞாயிறு பூசை முடிஞ்சு வந்து நிக்கிறன், போன் அடிக்குது. "மாமி, அப்பா அந்த வீட்டிலை இருந்தால் ஒரு நாளைக்குச் செத்துப்போவார், வந்து பாருங்கோ" எண்டு விக்கி விக்கி அழுகிறாள். நேர்ஸுக்குப் படிக்கிற பிள்ளை, இரத்தத்தைக் கண்டு பயப்படாத பிள்ளை. மிச்சம் கதைக்க ஏலாமல் வைச்சிட்டாள். திங்கட்கிழமையே அத்தானை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனனான்.

— வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?

— வேறை என்ன சொல்லவேணும்?

— ஒண்டுமில்லை.

— திறப்பைத் தா.

— ஏன்?

— ஏறி இருந்து பாக்கப்போறன். அவ்வளவு அருமையான எஞ்சினின்ர சத்தத்தைக் கேக்கவேணும். தள்ளி நில்... திருப்புறன். ஒரு முனகலும் இல்லையே?

— பற்றறி கழட்டி வைச்சிருக்கிறன்.

— எப்ப கழட்டினனி?

— நேற்று.

— நேற்றோ? இறங்கி வந்து பாக்கிறன், பொறு. பற்றறி இருந்த இடத்திலை சிலந்தி வலை பின்னி, குஞ்சும் பொரிச்சுக் குடியிருக்குது. உந்த ரயரைப் பார், காத்துப் போய் நிலத்தோடை ஒட்டிக் கிடக்கு. அலகிலை ஒரு பச்சைப் புல்லுத் துண்டு இல்லை. உது இந்தக் கோடையிலை ஒரு அடியும் அசையேல்லை, அருள். வெளியிலை புல்லு என்ர இடுப்பளவுக்கு நிக்குது.

— அக்கா, சும்மா விடுங்கோ.

— விடமாட்டன். உது சரிவிலை உருண்டு வந்து உன்னை வேலிக்கட்டையோடை நசிச்சது எண்டனி. காத்தில்லாத ரயரிலை எப்பிடி உருண்டது? தவக்காலத்திலை நெத்தி பிளந்தது. அப்பவும் மிசின் எண்டனி. வெளியிலை முழங்கால் மட்டும் ஸ்னோ கிடந்தது. எந்தப் புல்லை வெட்டினனி?

— கராஜுக்குள்ளை வைச்சுத் திருத்தினனான்.

— பொய். என்ர முகத்தைப் பார். கிட்ட வா. வாயை ஊது.

— என்னக்கா சின்னப்பிள்ளை மாதிரி...

— ஊது! மூடி மறைக்கிறாய், விழுந்தெழும்புறாய், கேட்டால் இரும்பிலை பழியைப் போடுறாய். நீ குடிக்கிறாய். ஓமோ, இல்லையோ?

— ...ஓம்.

— என்ன ஓம்? உரத்துச் சொல்லு.

— குடிக்கிறனான். குடிச்சிட்டு விழுறனான். வெக்கத்திலை மிசினைச் சொன்னனான். இப்ப சரிதானே? லொறிக்குப் போன் எடுத்து வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நான் இனிக் குடிக்கேல்லை.

— கர்த்தரே! ஐம்பத்திரண்டு வயதிலை இது வேறையோ? எண்பத்தைஞ்சிலை மன்னாரிலை நான்தானே வீடு வீடாய் ஏறி இறங்கி விசாரிச்சு, பங்குச் சுவாமியிட்டை நற்சான்றும் வாங்கி, அந்தப் பிள்ளையை உனக்குக் கட்டி வைச்சனான். ஒரு சொல்லு உரத்துக் கதைக்கத் தெரியாத பிள்ளை. அவளைக் கொண்டுவந்து ஒரு குடிகாரனிட்டை... றோஸ்! இஞ்சை ஒருக்கா வாம்மா!

— கூப்பிடாதையுங்கோ! அக்கா, கும்பிட்டுக் கேக்கிறன், அவளைக் கூப்பிடாதையுங்கோ!

— என்ன மச்சாள்? தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிண்டனான். உங்கட சத்தம் குசினி மட்டும் கேக்குது.

— உன்ர மனிசன் குடிக்கிறானாம், றோஸ். உனக்குத் தெரியுமோ?

— இவரோ? அப்பிடியெண்டு இவர் சொன்னவரோ?

— தன்ர வாயாலை சொன்னவன்.

— பாருங்கோ மச்சாள். எனக்குத் தெரியாமல் என்னென்ன கதையெல்லாம் சொல்லுறார். பறவாயில்லை, நீங்கள் கோவிக்காதையுங்கோ. இவருக்கு எப்பவும் கவனம் காணாது. நானும் எத்தினை தரம் சொல்லுறது? முதல் தரமே கேட்டு நடந்தால் ஒண்டும் நடக்காது.

— நீ இப்பிடிப் பொறுத்துப் பொறுத்துத்தான் இவன் உருப்படாமல் போனவன்.

— மாதா தந்த பொறுமை, என்ன செய்யிறது. ஆனால் அனஸ்ரேசியா மச்சாள், உந்த மிசின் இஞ்சை நிக்கட்டும்.

— நீயுமோ? உன்ர மனிசனைத் துண்டு துண்டாய் அரியிற சாமானை வைச்சிருக்கச் சொல்லி நீயுமோ கேக்கிறாய்?

— அவருக்குப் பழகிப்போச்சு. புதுசு வந்தால் குழம்பிப்போவார். இஞ்சேருங்கோ, மச்சாளோடை கதைச்சு முடிச்சிட்டு உள்ளுக்கை வாங்கோ. உந்தக் குடிச்ச கதையை நாங்கள் பிறகு ஆறுதலாய்க் கதைப்பம்.

— ஓம்... வாறன்.

— சேர்ட் கையை இறக்கி விடுங்கோ. பாக்கிறவைக்கு அருவருப்பு. தேத்தண்ணி ஆறப்போகுது மச்சாள், நான் போறன்.

— தங்கமான பிள்ளை. கோவத்திலைகூட முகம் சிரிச்சுக்கொண்டு நிக்குது. ஏன்ரா நடுங்கிறாய்?

— குளிர்.

— யூலை மாசத்திலையோ?

— அக்கா, நான் குடிக்கிறேல்லை. இப்பவே போய் றோஸிட்டைச் சொல்லுங்கோ, அவன் குடிக்கிறேல்லையாம், சும்மா சொன்னவனாம் எண்டு. இப்பவே போங்கோ.

— ஒரு நிமிசத்துக்கு முதல் குடிகாரன். இப்ப நல்லவன். பெண்சாதிக்கு இவ்வளவு பயமோ உனக்கு? தமிழ்ச் சங்கத்திலை ஆரும் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பினம்.

— ஓம் அக்கா. சிரிப்பினம். அது எனக்குத் தெரியும்.

— அந்தச் சுத்தியலை எடு. சின்னனில்லை, கல்லு உடைக்கிற பெரிசு.

— ஏன்?

— லொறிக்காரன் வந்த பிறகு நீ அழுது, அவன் மனமிரங்கி விட்டிட்டுப் போகாமல் இருக்கத்தான். எடுக்கமாட்டியோ? சரி, நானே எடுக்கிறன். தள்ளு.

— அக்கா! உங்களுக்கென்ன விசரே? அடியாதையுங்கோ! ஐயோ, விளக்கு!

— விளக்குத்தான். அது என்ர தம்பியின்ர விரலுக்கு.

— கண்ணாடி பறக்குது, கண்ணிலை படப்போகுது, நிப்பாட்டுங்கோ!

— படட்டும். இது நெத்திக்கு! பார், மூடி எப்பிடி நெளியுதெண்டு. பேப்பர் மாதிரி மடியுது. இந்தத் தகரமோ உன்ர கையை ஏழு தையலுக்குக் கிழிச்சது? எங்கை, இப்ப என்னைக் கடி பாப்பம்! கடி!

— அது ஒண்டும் செய்யேல்லை அக்கா! அதிலை ஒரு பிழையுமில்லை!

— வாயை மூடு! இது விலா எலும்புக்கு! இன்னொண்டு! ஸ்ரியரிங் போச்சு, இனி எவன் திருத்திறான் பாப்பம். கையை விடு. கையை விடடா அருள், இல்லாட்டி உனக்கும் போடுவன்!

— தலையிலை வேண்டாம்! தலையிலை வேண்டாம், தலையிலை வேண்டாம், கும்பிட்டன் தலையிலை மட்டும் வேண்டாம்...

— டேய்... அருள்? என்னடா இது? எழும்பு. ஏன் நிலத்திலை சுருண்டுபோய்க் கிடக்கிறாய்? நான் உனக்கு அடிக்க ஓங்கேல்லை. சும்மா வெருட்டினனான். சுத்தியலை எறிஞ்சுபோட்டன், பார், வெறுங்கை.

— ம்.

— கையை எடு தலையிலையிருந்து. அக்காதான் நிக்கிறன். ஐம்பத்திரண்டு வயது மனிசன் முழங்காலை நெஞ்சோடை மடக்கி, இரண்டு கையாலையும் தலையைப் பொத்தி... உப்பிடிச் சுருள ஆர் உனக்குப் பழக்கினது?

— எழும்புறன். ஒண்டுமில்லை. சேர்ட்டை விடுங்கோ.

— அசையாதை. முதுகிலை என்ன அது? முனை கூராய், அடி அகலமாய், அயன் பெட்டி வைச்ச மாதிரிச் சுட்டுக் கிடக்கு.

— சைலன்சர் பட்டது.

— சைலன்சர் முன்னுக்கு இருக்கு, குழாயாய் உருண்டையாய் இருக்கு. முதியோர் இல்லத்திலை பதினெட்டு வருசம் கிழடுகளைக் குளிப்பாட்டினனான் அருள். விழுந்தால் உள்ளங்கை தேயும், முழங்கால் உடையும். உன்ர உள்ளங்கையிலை ஒரு கீறல் இல்லை. நெத்தியும் விரலும் தவிர, உனக்குக் காயமெல்லாம் உடுப்புக்குள்ளை மறையிற இடத்திலைதான். நீ குடிக்கவுமில்லை, விழவுமில்லை.

— லொறி வந்திட்டுது அக்கா. ஹோண் அடிக்கிறான்.

— அடிக்கட்டும். நான் கதவைத் திறக்க முதல் சொல்லு. உடைஞ்சு கிடக்கிற உந்த இரும்பிலை உனக்கென்ன இருக்கு? ஏன் இதுக்காக என்ர காலைப் பிடிக்கிறாய்?

— மெதுவாய்க் கதையுங்கோ. ஆஸ்பத்திரியிலை அந்த டொக்டர்காரி, நான் போற நேரமெல்லாம் கதவைச் சாத்திப்போட்டு ஒரு கேள்விதான் கேக்கிறவள்.

— என்னெண்டு?

— இது எப்பிடி வந்ததெண்டு. நான் பழைய ட்ராக்டர் எண்டு சொல்லுவன். அவளும் எழுதிப்போட்டு என்னை விட்டிடுவாள்.

— அதுக்கு?

— புதுசு ஆரையும் காயப்படுத்தாது எண்டு அவளுக்கும் தெரியுமக்கா. இதையும் கொண்டுபோட்டியளெண்டால், அடுத்த முறை றோஸ் அடிக்கேக்கை நான் எதைச் சொல்லுறது?