சகலை கொண்டுவந்த வண்டி

மதியம் இரண்டே முக்கால் மணி. ராத்திரி இல்லை, கவனியுங்கள்... பட்டப்பகல். புறவழிச் சாலை வந்த பிறகு யாரும் சீண்டாமல் விட்ட பழைய ரோடு. இரண்டு பக்கமும் முள்புதர். எதிரே ஒரு சைக்கிள்கூட இல்லை. அந்த ரோட்டில் ஒரே ஒரு கார். உள்ளே ஒரே ஒரு ஆள்.

இன்றைக்கு இங்கே வராமல் போன நம் நண்பன் இருக்கிறானே, அவனுடைய சித்தப்பாதான் அந்த ஆள். விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள். நெருங்கி உட்காருங்கள். சொல்கிறேன்.

சித்தப்பாவுக்குக் கார் சீட் வேலை. கிழிந்த சீட்டைத் தைப்பார், நகராத சீட்டை நகர வைப்பார், குத்துகிற ஸ்பிரிங்கை மாற்றுவார். இருபத்திரண்டு வருஷத் தொழில். ஊரில் அவருக்கு ‘முதுகு டாக்டர்’ என்றே பெயர். சித்தி மட்டும், “ஊர் முதுகையெல்லாம் சரி பண்றாரு, என் முதுகுக்கு ஒரு தைலம் தேச்சுவிட நேரமில்ல” என்பாள்.

அன்று காலை அவருடைய சகலை, அதாவது சித்தியின் தங்கை புருஷன், அந்த வண்டியைக் கொண்டுவந்து விட்டிருந்தார். பழைய கார் வாங்கி விற்கிறவர். இரண்டு பேரும் கூடப் பிறந்தவர்களைவிட ஒரு படி மேல். சித்தப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது ஒன்பது நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்துக் கிடந்தவர் சகலைதான்.

வண்டியை அவர் ஓட்டி வரவில்லை. இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்.

“பேட்டரி இறங்கிடுச்சு சகல. அத விடுங்க, நான் பாத்துக்கறேன். உங்களுக்குச் சின்ன வேலைதான். லம்பார் மக்கர் பண்ணுது. சரி பண்ணிட்டு நீங்களே ஒரு தடவை உக்காந்து ஓட்டிப் பாத்துடுங்க. உங்க முதுகுக்குத் தெரியாததா?”

சிரித்தார். வேறெங்கோ பார்த்துக்கொண்டு சிரித்தார்.

லம்பார் என்பது வேறொன்றுமில்லை. டிரைவர் சீட்டுக்குள்ளே, இடுப்புக்கு நேராக, ஒரு காற்றுப் பை இருக்கும். பக்கத்தில் உள்ள சுவிட்சை அழுத்தினால் சின்ன பம்ப் ஒன்று காற்றடித்து அதை உப்ப வைக்கும். நீளப் பயணத்தில் முதுகுக்கு ஒரு தாங்கல்.

சித்தப்பா சீட்டின் பின்பக்க அட்டையைக் கழற்றினார். பை ஓரத்தில் வெடித்திருந்தது. புதுப் பை மாட்டினார். குழாய் இணைப்பில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. சுவிட்சை அழுத்தினால் பம்ப் காதோரக் கொசு மாதிரி ‘ஙீ...’ என்று முனகியது. விட்டால் ‘உஸ்ஸ்’ என்று இறங்கியது. வேலை கச்சிதம். சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பியது. பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை. சகலைக்கு எப்போதும் அவசரம் என்று நினைத்துக்கொண்டே பழைய ரோட்டுக்கு வண்டியை விட்டார்.

மூன்று கிலோமீட்டர் தாண்டியிருப்பார். இடுப்பில் மெதுவாக ஒரு அழுத்தம். சுவிட்சை அவர் தொடவில்லை. பம்பின் முனகலும் இல்லை. வால்வு எங்கோ ஒட்டிக்கொண்டது போல என்று, காற்றை இறக்கும் பக்கம் அழுத்தினார். ‘உஸ்ஸ்...’ பை சுருங்கியது நன்றாகவே தெரிந்தது.

அழுத்தம் அப்படியே இருந்தது.

பிறகு அது நகர்ந்தது. இடுப்பிலிருந்து மேலே... ஒவ்வொரு எலும்பாகத் தடவிக்கொண்டு, எண்ணுகிற மாதிரி. வண்டிக்குள் ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்த வாடை.

ஓரங்கட்டினார். வெயில் சுள்ளென்று அடித்தது. சித்தப்பா தொழிலை நம்புகிறவர். பேய் பிசாசுக்கு முன்னால் ஒயரைத்தான் சந்தேகப்படுவார். இணைப்பைப் பிடுங்கினார். புதுப் பையை முழுசாக வெளியே எடுத்து பானெட்டின் மேல் வைத்தார். இப்போது சீட்டுக்குள்ளே ஸ்பிரிங், பஞ்சு, அவ்வளவுதான். ஏறி உட்கார்ந்தார். கண்ணாடி வழியே பை பானெட்டில் கிடப்பது தெரிந்தது.

மறுபடி அழுத்தியது.

இடது கையைத் தன் முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தார். அவர் உள்ளங்கைக்குள் ஏதோ ஒன்று வந்து படிந்தது. சில்லென்று. ஐந்து விரல். அவை மடங்கி அவர் கையைப் பற்றிக்கொண்டன... இனி விடப்போவதில்லை என்பதுபோல.

கையை உதறிக்கொண்டு எப்படி வெளியே வந்து விழுந்தார் என்று அவருக்கே தெரியாது. முழங்கை சிராய்ந்து ரத்தம். சகலைக்குப் போன் போட்டார். ஒரே மணியில் எடுத்துவிட்டார் சகலை. ஹலோகூடச் சொல்லவில்லை.

“உக்காந்துட்டீங்களா?”

சித்தப்பா விழுந்த இடத்திலிருந்தே வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“சகல... உங்களுக்குத் தெரியுமா?”

“பதினோரு மாசமா.”

“தெரிஞ்சேவா கொண்டுவந்து விட்டீங்க?”

அந்தப் பக்கம் அழுகிற சத்தம்.

“எனக்கு இத என் சொந்த அண்ணன் குடுத்தாரு சகல. வண்டி ஓட்டிப் பாருடான்னு சாவியைக் கையில குடுத்தாரு. அப்புறந்தான் சொன்னாரு. வண்டி வாங்க வந்த ரெண்டு பேர ஏத்திப் பாத்தேன். அவங்க ஜம்முனு ஓட்டிட்டு இறங்கிப் போயிட்டாங்க. அது என்னைய விடல. அண்ணனக் கேட்டா, நம்ம பேச்ச முழுசா நம்பி உக்கார்ற ஆளா இருக்கணுமாம். அப்படி எனக்கு யாரு இருக்கா... உங்கள விட்டா?”

போன் அணைந்தது.

சித்தப்பாவுக்குப் பயம் போய்விட்டது. அதைவிடக் கனமாக ஒன்று நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. ரோட்டோரக் கல்லில் குந்திக்கொண்டு வெகுநேரம் அழுதார். ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்த அந்த ஒன்பது நாளும் நடிப்பில்லை என்று அவருக்குத் தெரியும். நடிப்பென்றால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

சாயங்காலம் வண்டியைக் கொண்டுபோய் பட்டறைக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் விட்டுப் பூட்டினார். ஆனால் அது வண்டியோடு நிற்கவில்லை. வீட்டு நாற்காலியில் சாய்ந்தால் இருந்தது. சுவரில் சாய்ந்தால் இருந்தது. மல்லாந்து படுத்தால் பாய்க்கும் அவருக்கும் நடுவே இருந்தது. குப்புறப் படுக்கப் பழகிக்கொண்டார். சித்தியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அக்கா தங்கை உறவு அன்றோடு அறுந்துபோகும். விசேஷங்களில் சகலை எதிரே வந்தால், “நல்லா இருக்கீங்களா?” என்பார். “இருக்கேன்” என்பார் இவர். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

தள்ளிவிட அவருக்கும் ஆள் இல்லாமல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்ப மனைவி இருந்தாள், மகள் இருந்தாள், நம் நண்பன் இருந்தான். மகள் லைசென்ஸ் வாங்கிய அன்று, “அந்த ஷெட்டு வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டட்டுமாப்பா?” என்று சாவியை எடுத்துவிட்டாள். ஓடிப்போய்ப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் அவள் விரல் பிசகிவிட்டது. இரண்டு நாள் அப்பாவிடம் பேசவில்லை அவள்.

ஏழு மாதம் போயிற்று. ஒருநாள் பட்டறையைச் சாத்துகிற நேரம். வாசலில் சகலை. ஆள் பாதியாக இருந்தார். கண்ணைச் சுற்றிக் கறுப்பு.

“திருப்பிக் குடுத்துடுங்க சகல.”

“எத?”

“அதத்தான்.” குரல் உடைந்தது. “அது போனதுலேர்ந்து எதுல சாஞ்சாலும் பின்னால ஒண்ணுமே இல்ல. செவுத்துல சாஞ்சா விழறேன். கட்டில்ல படுத்தா விழுந்துகிட்டே இருக்கேன், விடியற வரைக்கும். தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா? ஒரே ஒரு வார்த்த... அந்தச் சீட்டக் காட்டி ‘உக்காருங்க’ன்னு சொல்லுங்க. உங்கள நம்பி உக்கார்றேன்.”

தேடிப் போனாலும் கிடைக்காத வழி, தானாக நடந்து வாசலுக்கு வந்து நிற்கிறது. ஷெட் சாவி சித்தப்பாவின் சட்டைப் பையில்தான் இருந்தது. உக்காருங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

“வண்டிய வித்தாச்சு சகல. போயிட்டு வாங்க.”

சகலையிடம் அவர் சொன்ன முதல் பொய். சகலை குருடனைப் போலக் கையை நீட்டித் துழாவிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை என்கிறார் சித்தப்பா. கோபமா, பழிவாங்கலா, எதுவும் இல்லையாம். அந்தச் சொற்கள் தன் வாயில் இருந்ததே அவை வெளியே வந்த பிறகுதான் தெரிந்ததாம்.

ஷட்டரை இழுத்துவிட்டார். உள்ளே இருட்டு. வேலை செய்கிற ஸ்டூலில் உட்கார்ந்தார். முதுகு வைக்காத ஸ்டூல். பின்னால் வெறும் காற்று.

அப்போது அவர் முதுகில் மெதுவாக இரண்டு தட்டு... சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல.