ஜாக்கெட் கிழிந்ததற்கு ஒரு தேங்காய்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஆஸ்பத்திரி கிளினிக் முடிந்து வீடு திரும்பும் அக்காவும் தங்கையும் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“ஒன் ஜாக்கெட் பத்தாம கிழிஞ்சிச்சில்ல, அன்னைக்கே அம்மா மாரியம்மனுக்குத் தேங்கா உடைச்சிட்டாங்க” என்றாள் அக்கா.

தங்கை சிரிக்கவில்லை. “எனக்கு அன்னைக்கு அழுகதான் வந்திச்சு. மெலியணும்னு ஒரு வருசம் சாப்பிடாம எலும்பாப் போனவ நான். திரும்பச் சாப்பிட்டா மொதல்ல ஒடம்பு அனலாக் கொதிச்சிச்சு, எடை ஏறவே இல்ல. பொறகு வயிறு மட்டும் முன்னால வந்திச்சு, கை கால் குச்சியாவே இருந்திச்சு. சோத்த நிப்பாட்டிருவோமான்னு நெனச்சேன்.”

“எங்ககிட்ட சொல்லலயே.”

“கிளினிக்ல நர்ஸ் மிஸ்ஸிகிட்ட சொன்னேன். ‘பட்டினி கெடந்த ஒடம்பு பயந்து போயிருக்கு. மறுபடி சோறு கெடைக்குமோ என்னமோன்னு வயித்துல சேத்து வைக்குது. நம்பிக்க வந்தா மத்த எடத்துக்கும் குடுக்கும், பொறுமையாச் சாப்பிடுங்க’ன்னாங்க. சாப்பிட்டேன்.”

“இப்ப கன்னமெல்லாம் வந்திருச்சு.”

தங்கை குரலைத் தாழ்த்தினாள். “நின்னு போன மாசக்குளியலும் இந்த மாசம் வந்திருச்சுக்கா.”

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்த ஒடம்ப எவ்வளவு ஏசியிருப்பேன், எவ்வளவு பட்டினி போட்டிருப்பேன்” என்றாள் தங்கை. “அது என்னய விட்டுட்டுப் போகலக்கா.”