நீள விசில்

விரலை மடித்து வாயில் வைத்து அடிக்கிற விசில் எனக்கு இந்த வயதுவரை வந்ததில்லை. சினிமாக் கொட்டகையில் பக்கத்து இருக்கைக்காரன் விசில் அடித்தால் நான் கையைத் தட்டிச் சமாளிப்பேன். அதனால் ரயில் பாதை வேலையில் ஒரு பிளாஸ்டிக் விசிலைக் கழுத்தில் மாட்டிவிட்டபோது எனக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது. ஊதினால் போதும், சத்தம் வந்துவிடும்.

வேலை வாங்கிக் கொடுத்தவர் மாமா, அதாவது அக்காவின் கணவர். ஏற்கெனவே புறநகர் ரயில் ஓடுகிற இரண்டு தடங்களை ஒட்டி மூன்றாவது தடம் போடுகிற வேலை. அங்கே அவர்தான் பாதுகாப்பு அதிகாரி. நான் மேட்டில் நின்று, ரயில் வந்தால் விசில் ஊதி ஆட்களை விலகச் செய்ய வேண்டும். நான் நன்றி மறக்கிற ஆள் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம் ஐயா.

மாமாவுக்குப் பாதுகாப்பு என்றால் உயிர். சாப்பிடும்போதுகூட ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். கூடத்தில் டிவிக்கு முன்னால் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருந்தார், அதைத் தாண்டி யாரும் உட்காரக் கூடாது. சமையலறையிலிருந்து பாத்திரத்தோடு வரும்போது அக்கா "சூடு, சூடு" என்று குரல் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். கல்யாணமான புதிதில் அக்கா இதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். போகப் போக வெறுங்கையோடு வரும்போதும் அப்படிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

வீடு எங்கள் அப்பா கட்டியது, தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாடியில் இருந்த ஒற்றை அறை என்னுடையது. ஜன்னலைத் திறந்தால் ரயிலில் போகிறவர்களின் முகம் தெரியும். கல்யாணம் ஆகாதவனுக்கு அது போதுமான சொந்தபந்தம். புதிய தடம் வருகிறது, இத்தனை தூரத்துக்குள் எந்தக் கட்டடமும் இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்ததும், மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவு டேப்பை வீட்டுக்கே கொண்டுவந்தார். வேலிப் பக்கத்து முனையை என்னிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். அளந்து பார்த்ததில் என் அறை ஒரு சாண் உள்ளே வந்துவிட்டது. அவருடைய காருக்காகக் கட்டிய போர்டிகோ அதைவிட நீட்டிக்கொண்டிருந்தது. கேட்டேன்.

"போர்டிகோ கட்டடத்துல சேராதுடா. அது நிழல். நிழலை எவனாவது இடிப்பானா?"

"டேப்பு கொஞ்சம் சாஞ்சிருந்த மாதிரி இருந்துச்சு மாமா."

"அந்தப் பக்கம் புடிச்சது நீதானே?"

பிடித்தது நான்தான். அக்காவைப் பார்த்தேன்.

"அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும். மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. கூடத்துல படுத்துக்கோ. ஆனா கோட்டைத் தாண்டிப் படுக்காத" என்றாள்.

இயந்திரம் வந்து அறையை இடித்தது. பக்கத்தில் நின்று, செங்கல் யார் தலையிலும் விழாமல் விசில் ஊதிப் பார்த்துக்கொண்டது நான்தான். அன்றைக்கு அழுதேன், அதை மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் அந்த அழுகைக்கும் நீங்கள் விசாரிக்க வந்த விஷயத்துக்கும் சம்பந்தம் இல்லை.

மாமா தினமும் காலையில் ஆட்களைக் கூட்டிப் பாதுகாப்புப் பற்றிப் பேசுவார். ஆட்கள் தடத்தை ஒட்டிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நிற்பார்கள். அவர் மட்டும் போய்ப் புதிய தண்டவாளங்களுக்கு நடுவில் நிற்பார். "நிக்கக் கூடாத எடம் எதுன்னு காட்டணும்னா அங்க நின்னுதானே காட்டணும்?" என்பார். புதிய தடத்தில் ரயில் ஓட ஆரம்பிக்கவில்லை, ஆகையால் ஆபத்தும் இல்லை. அவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது என்பது அவரே போட்ட விதி.

ஒருநாள், "உன் உசுரு உன் கையில இல்ல, உன் கால்ல இருக்கு" என்று அவர் சொல்லி முடித்த நேரம் பார்த்துப் பழைய தடத்தில் ரயில் வந்தது. நான் நீளமாக ஒரு விசில் ஊதினேன். மாமாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அன்று சாப்பாட்டில் கை வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த எடத்துல விசில் அடிச்சியே, நெஜமாவே அவ்வளவு நல்லா இருந்துச்சா?"

ரயில் வந்தது மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். ஹெல்மெட்டுக்குக் கீழே அந்த முகம் அப்படிக் காத்திருந்தது. "பிரமாதம் மாமா" என்றேன். நிறையச் சாப்பிட்டார்.

மறுநாளிலிருந்து நல்ல வரி வந்தால் நானே சின்னதாக ஒரு விசில் ஊத ஆரம்பித்தேன். மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை. "எது ரயிலு, எது கைத்தட்டுன்னு நாங்க எப்படிய்யா கண்டுபுடிக்கிறது?" என்று சண்டைக்கு வந்தார். அவர் கேட்டதும் நியாயம்தான். நீளமாக ஊதினால் ரயில், குட்டையாக ஊதினால் மாமா என்று ஏற்பாடு செய்துகொண்டோம். ஆட்கள் ஒரே நாளில் பழகிவிட்டார்கள். மாமாவிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் மனசு உடைந்துபோவார்.

அவருக்கோ குட்டை விசில் சலித்துவிட்டது. "இன்னிக்கு ஒரு நீளம்கூட இல்லையேடா" என்று வீட்டில் குறைப்படுவார். நீள விசில் வாங்கியே தீருவது என்று பேச்சை நீட்டிக்கொண்டே போனார். நீட்டினால் எப்படியும் ஒரு ரயில் வந்துவிடும், நான் நீளமாக ஊதுவேன். அது தன் பேச்சுக்குத்தான் என்று நினைத்து, நீட்டுவதுதான் வழி என்று அவர் முடிவுக்கு வந்துவிட்டார். முடிக்கிற நேரத்தில் என் மேட்டைப் பார்த்துத் திரும்பி நின்று, இரண்டு கைகளையும் விரித்துக் காத்திருப்பார். அப்போது தடம் திரும்பி வருகிற வளைவு அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இதை நான் கவனித்தேன். கவனிப்பதற்குத்தானே ஐயா எனக்குச் சம்பளம்?

அன்று காலை புதிய தடத்தில் சோதனை வண்டி விடப்போவதாக ஸ்டேஷனிலிருந்து எனக்குப் போன் வந்தது. உடனே மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் எல்லோரையும் கயிற்றிலிருந்து இன்னும் தள்ளி நிறுத்தினார். "சாருக்குத் தெரியும்ல?" என்று கேட்டார். "அவருக்குத் தெரியாம ஏதாவது நடக்குமா?" என்றேன். மாமா அப்போது பேச ஆரம்பித்திருந்தார். பேசும்போது குறுக்கிடக் கூடாது.

பக்கத்தில் கான்கிரீட் கலக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மாமா நன்றாகப் பேசினார், நான் பொய் சொல்ல மாட்டேன். "வீட்ல உனக்காக ஒருத்தி காத்துட்டிருக்கா" என்று முடித்து, என் பக்கம் திரும்பிக் கைகளை விரித்தார். வளைவில் வண்டியின் நெற்றி தெரிந்தது. விதிப்படி நீளமாக ஊதினேன். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மறுபடி ஊதினேன். ஆட்கள் கத்திக் கையை ஆட்டினார்கள், அவரும் பதிலுக்கு ஆட்டினார். ஓட்டுநர் விடாமல் ஹாரன் அடித்தார். மாமா திரும்பிப் பார்க்காமலே ஒரு கையை உயர்த்தி அதையும் ஏற்றுக்கொண்டார். அப்படி ஒரு சிரிப்பை அவர் கல்யாணப் போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை.

நான் விசில் ஊதவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது. மேஸ்திரி சொல்லியிருப்பார், ஓட்டுநரும் சொல்லியிருப்பார். அக்காவிடம், அவர் சந்தோஷமாகத்தான் போனார் என்று சொன்னேன். அவள் எழுந்து போய்க் கூடத்தில் இருந்த மஞ்சள் கோட்டைப் பெயிண்ட் தின்னர் போட்டுத் துடைத்தாள்.

நீங்கள் கேட்பது புரிகிறது ஐயா. விசிலுக்கு விலகாத ஆளுக்குச் சிவப்புக் கொடி காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. கொடி என் இடது கையில்தான் இருந்தது. மாமாவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நடுவில் எந்த மறைப்பும் இல்லை. ஆனால் விசில் மாதிரி இல்லை, கொடிக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். காட்டியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும்.